ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது சிறுமியர்

சென்ற சனிக்கிழமை வகுப்பு முடிந்து மாணவர்கள் எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டனர். ஒரு மாணவி மட்டும் என் மேசையருகே நின்றாள். உயர்நிலை இரண்டில் படிப்பவள். அடுத்த ஆண்டுக்குரிய பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் அவள் கையில் இருந்தது. உயர்தமிழைத் தொடர்வதா, அதை விட்டுவிட்டு அந்த நேரத்தை அறிவியல் பாடங்களுக்குக் கொடுப்பதா என்பது அவள் வீட்டில் பல நாளாக நடந்துவரும் பேச்சு. தந்தை விட்டுவிடச் சொல்கிறார். பாட்டி தொடரச் சொல்கிறார். தாயோ, "ஜெபம் பண்ணும்மா, தேவசித்தம் எதுவோ அதன்படி செய்" என்று முடித்துவிட்டாராம்.

"ஆசிரியர், தேவசித்தம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டாள்.

நானும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள்தான். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். எங்கள் வீட்டில் திருமணம் நிச்சயமானால் தேவசித்தம், முறிந்தாலும் தேவசித்தம். எங்கள் தாத்தா எழுதிய கடிதங்களில் "தேவசித்தமானால் அடுத்த மாதம் புறப்பட்டு வருகிறேன்" என்றொரு வரி தவறாமல் இருக்கும். கத்தோலிக்க நண்பர்கள் இதையே திருவுளம் என்பார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மையார் இன்ஷா அல்லாஹ் என்பார். "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லாத இந்துக் குடும்பம் ஏது? சொற்கள் வேறாயினும் மனம் நிற்கும் இடம் ஒன்றே.

ஆனால் அந்தப் பெண்ணின் கேள்விக்கு என் நாவின் நுனிவரை வந்த விடை என்ன தெரியுமா? "தமிழைத் தொடர்வதுதான் தேவசித்தம்" என்பதே. வந்த விடையை அப்படியே விழுங்கிவிட்டேன். "ஒரு வாரம் பொறு, அம்மா. யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன். என்னைத் தடுத்தது, லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள ஒரு சிறு தெருவின் வரலாறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேக்காச் சந்தையிலிருந்து புறப்பட்டு, ரோச்சோர் கால்வாயைத் தாண்டிச் சிலிகி சாலைப் பக்கம் நடந்தால் சில நிமிடங்களில் ஷார்ட் ஸ்திரீட் வந்துவிடும். பெயருக்கேற்ற குறுந்தெரு. தமிழ் மெதடிஸ்த திருச்சபை இன்றும் அத்தெருவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பாட்டு கேட்கும். இத்தெருவில் 1887-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமியரோடு ஒரு பள்ளி தொடங்கியது. அதன் பெயர் 'தமிழ்ப் பெண்கள் பள்ளி'. தொடங்கியவர் சோபியா பிளாக்மோர் என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணி. அவர் சிங்கப்பூரில் கால் வைத்து அப்போது முப்பது நாள் ஆகியிருந்தது.

அந்த ஆண்டு சிங்கைத் தமிழர் வரலாற்றில் தனியே குறித்துவைக்கத் தக்கது. ஜூன் 27 அன்று, விக்டோரியா அரசியாரின் பொன்விழாவையொட்டி, சி.கு. மகுதூம் சாயபு அவர்களை ஆசிரியராகக் கொண்ட 'சிங்கை நேசன்' வார இதழ் வெளிவரத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி' அச்சேறியதும் அவ்வாண்டிலேதான். ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று லூர்து அன்னை ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது. 1886-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1888-இல் திறக்கப்பட்ட ஆலயம் அது. ஒரு முஸ்லிம் இதழாசிரியர், ஒரு சைவப் புலவர், கத்தோலிக்க மக்கள் எனப் பலரும் தத்தம் வழியில் இந்தத் தீவில் தமிழுக்கு ஓர் இடம் அமைத்துக்கொண்டிருந்த காலம்.

அக்காலத்துச் சிங்கைத் தமிழரில் பெரும்பாலோர் ஆண்கள். பிழைப்புக்காக வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, ஒருநாள் திரும்பிவிடலாம் என்று எண்ணியவர்கள். மனைவி மக்களோடு இங்கு குடியேறியோர் சிலரே. 1870களில் ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளிகள் சில தோன்றின. தமிழ்வழியே ஆங்கிலத்துக்கு அழைத்துச் செல்வது அவற்றின் நோக்கம். பெண் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்பட்டோர் அரிது. "பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?" என்ற கேள்வி தமிழர் வீட்டிலும் ஒலித்தது, சீனர் வீட்டிலும் ஒலித்தது. அந்த நிலையில் தமிழ் வணிகர் சிலர் உதவ முன்வந்தார்கள் என்பதும், ஒன்பது குடும்பங்கள் தம் பெண்களை ஓர் அந்நியப் பெண்ணிடம் படிக்க அனுப்பின என்பதும் சிறிய செய்திகள் அல்ல.

சரி, அந்த ஆஸ்திரேலியப் பெண் ஷார்ட் ஸ்திரீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார்? இதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

வில்லியம் ஓல்தம் என்பவர் 1854-இல் பெங்களூரில் பிறந்தவர். அரசாங்க நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். மெதடிஸ்தக் கூட்டம் ஒன்றில் மனம் மாறி, ஊழியத்துக்கு வர விரும்பி, அமெரிக்கா சென்று படித்தார். படிப்பை முடித்துக்கொண்டு அவர் இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேளையில், ஹைதராபாத்தில் கூடிய தென்னிந்திய மெதடிஸ்த மாநாடு அவர் பெயரைச் சிங்கப்பூருக்கு எழுதிவிட்டது. அவரிடம் கேட்கவில்லை, கேட்க வழியுமில்லை. கரையிறங்கிய பிறகே தாம் போகவேண்டிய ஊர் எது என்று அவருக்குத் தெரிந்தது. தாம் பிறந்து வளர்ந்த நாட்டில் ஊழியம் செய்யவென்று படித்துவந்தவருக்கு அச்செய்தி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1885 பிப்ரவரியில் ஜேம்ஸ் தொபர்ன் என்னும் மூத்த ஊழியரோடு ஓல்தம் இங்கு வந்து இறங்கினார். சார்லஸ் பிலிப்ஸ் என்பவர் துறைமுகத்தில் அவர்களை எதிர்கொண்டு வரவேற்றார். "உங்களை நான் முன்பே கனவில் கண்டேன்" என்று அவர் சொன்னதாக மெதடிஸ்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். ஆலயங்களில் இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் மக்கள் கனவையே வியந்து பேசுவார்கள். எனக்கோ அதற்கடுத்து நடந்ததே பெரிதாகப் படுகிறது. பிலிப்ஸ் அவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்தார். கனவு கண்டவர் பலர் இருக்கலாம்; கண்ட கனவுக்காக வீட்டுக் கதவைத் திறந்தவர் சிலரே.

ஓல்தமின் திட்டம் கூட்டங்கள் நடத்திப் பிரசங்கம் செய்வது. ஆனால் நடந்தது வேறு. அவர் சீன வணிகர்களின் சங்கம் ஒன்றில் வானியலைப் பற்றிச் சொற்பொழிவாற்றப் போனார். கேட்டவர்களுக்கு அவருடைய ஆங்கிலம் பிடித்துப்போயிற்று. "எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள்" என்றார்கள். 1886 மார்ச் 1 அன்று அமோய் ஸ்திரீட் 70-ஆம் எண் கடைவீட்டில் 13 பையன்களோடு ஒரு பள்ளி தொடங்கியது. அதுவே ஆங்கிலோ-சீனப் பள்ளி. பிரசங்கியாக வந்தவர் பள்ளி ஆசிரியரானார். 1889-இல் உடல்நலம் கெட்டு இவ்வூரைவிட்டே போகவும் நேர்ந்தது. பிறகு 1904-இல் பேராயராகத் திரும்பி வந்தார்.

பையன்களுக்குப் பள்ளி அமைந்துவிட்டது, பெண்களுக்கு யார்? ஆண் ஊழியர் வீட்டுக்குள் நுழைந்து பெண்களோடு பேச முடியாத காலம். பெண் ஊழியர் ஒருவர் தேவை என்று ஓல்தம் எழுதினார். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மெதடிஸ்தப் பெண்கள் அதைக் கேட்டார்கள். மேரி நைண்ட் அம்மையார் அவர்கள் தலைவி. ஆண்டில் பல மாதம் பனியில் உறைந்துகிடக்கும் மாநிலம் அது. அங்கிருந்த பெண்கள், தாங்கள் கண்டிராத நிலநடுக்கோட்டு ஊர் ஒன்றுக்காக 3,000 டாலர் தருவதாக வாக்களித்தார்கள். யார் போகப்போகிறார் என்பது தெரியுமுன்பே பணத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

சோபியா பிளாக்மோர் 1857-இல் ஆஸ்திரேலியாவின் கோல்பர்ன் நகரில் பிறந்தவர். ஊழியத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் விருப்பம். இசபெல்லா லெனர்டு என்னும் அமெரிக்க நற்செய்தியாளர் ஆஸ்திரேலியா வந்தபோது அவருடைய தொடர்பு கிடைத்தது. அவரோடு இந்தியாவுக்குப் போனார். சிங்கப்பூருக்கு ஒரு பெண் வேண்டும் என்ற அழைப்பு இந்தியாவில்தான் அவரை எட்டியது. 1887 ஜூலை 16 அன்று இங்கே வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், அமெரிக்கப் பெண்களின் பணத்தில், இந்தியாவில் கேட்ட அழைப்பை ஏற்று, மலாய்த் தீவுக்கு வந்து, முதலில் தொடங்கியது தமிழ்ச் சிறுமியருக்கான பள்ளி. இப்படியொரு பாதையை எந்த மனிதரும் முன்கூட்டியே வரைந்து வைத்திருக்க முடியாது.

இந்த இடத்தில் நம் பழக்கம் என்னவென்றால், "பார்த்தீர்களா, எல்லாம் தேவனின் திட்டம்!" என்று வியந்து முடித்துவிடுவது. விசுவாசிகளுக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு, நானும் நம்புகிறேன். ஆனால் அது முடிந்த கதையைத் திரும்பிப் பார்க்கிறவர் பேசும் பேச்சு. 1887 ஜூலையில் பிளாக்மோருக்கு அது தெரியாது. அவர் முன் இருந்தவை ஒரு புது ஊர், தெரியாத மொழிகள், உதவ முன்வந்த சில தமிழ் வணிகர்கள், ஒரு கடைவீடு ஆகியவைதாம். "இதுதான் என் வாழ்நாள் பணியா?" என்று தெளிவு பிறக்கும்வரை அவர் காத்திருந்ததாகத் தோன்றவில்லை. காத்திருந்தால் முப்பது நாளில் பள்ளி திறந்திருக்காது. கேட்டார்கள், செய்தார்.

இனி, ஒரு தமிழாசிரியை என்ற முறையில் என் மனத்தை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன்.

தமிழ்ப் பெண்கள் பள்ளி நெடுநாள் அப்பெயரோடு இருக்கவில்லை. மற்ற இனத்துச் சிறுமியரும் வந்து சேர்ந்தனர். பெற்றோர் ஆங்கிலத்தை விரும்பினர். பள்ளி வளர்ந்தது, பெயர் மெதடிஸ்த பெண்கள் பள்ளி என்று மாறியது. 1920களில் அருகிலிருந்த சோபியா மலைக்கு இடம் பெயர்ந்தது. 1992-இல் புக்கிட் தீமா வட்டாரத்திலுள்ள பிளாக்மோர் டிரைவுக்குப் போனது. இன்று நாட்டின் பெயர்பெற்ற பெண்கள் பள்ளிகளுள் அது ஒன்று. (சோபியா மலைக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று, இவர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலைக்கு அப்பெயர் உண்டு. பிளாக்மோர் டிரைவ்தான் இவர் பெயரால் அமைந்தது.)

என் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். "அந்த ஸ்கூலா? தமிழ் ஸ்கூலா இருந்துச்சா?" என்று கண்ணை விரிக்கிறார்கள். தமிழுக்கென்று தொடங்கிய ஒன்று தமிழின் பெயரை உதறிவிட்டு வளர்ந்தது என்று நினைக்கும்போது எனக்குள் ஒரு சிறு வலி எழுவதை மறைக்க விரும்பவில்லை. பள்ளி தொடங்கியது தேவசித்தம் என்றால், பெயர் மாறியது யாருடைய சித்தம்? முன்னதைத் தேவன் கணக்கிலும் பின்னதை மனிதர் கணக்கிலும் எழுதிவைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

ஓஃபிர் சாலை ஆலயத்திலும் இதுபோன்ற ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தமிழருக்கென்றே எழுந்த அந்த ஆலயம் 1974-இல் எல்லா இனத்தாருக்கும் உரிய பங்கு ஆலயமாயிற்று. ஆயினும் தமிழ்த் திருப்பலி அங்கே நின்றுவிடவில்லை. 2005-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒரு சமூகம் தனக்கென்று கட்டியதைப் பிறரோடு பகிர்ந்துகொள்வது இழப்பா, ஈகையா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிளாக்மோர் தம் பெயரால் ஒரே பள்ளியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. சீனப் பெற்றோரின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். 1888-இல் தெலுக் ஆயரில் இன்னொரு பெண்கள் பள்ளி தொடங்கினார். அதுவே பின்னாளில் ஃபேர்ஃபீல்டு பள்ளி ஆயிற்று. ஆதரவற்ற பெண்களுக்கு விடுதி நடத்தினார். அதற்கு மேரி நைண்ட் அம்மையாரின் பெயர் அமைந்தது. பாபா மலாய் கற்று, 'சஹாபாட்' என்ற மலாய் இதழ் நடத்தினார். நாற்பது ஆண்டுகள் இங்கே உழைத்துவிட்டு 1920களின் இறுதியில் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பினார். மத மாற்றமும் அவர் நோக்கங்களுள் ஒன்று என்பதைப் பெற்றோர் அறியாமல் இல்லை. அதனால் அஞ்சியவர்களும் உண்டு. அறிந்தே அனுப்பியவர்களும் உண்டு. ஒருவர் தேவசித்தம் என்று செய்வது இன்னொருவர் வீட்டில் கலக்கத்தை உண்டாக்கக்கூடும் என்பதை வரலாறு எழுதுகிறவர் மறந்துவிடக் கூடாது.

நிற்க. பள்ளி செழித்த கதையில் தேவசித்தத்தைக் காண்பது எளிது. எல்லாம் இடிந்து விழும்போது என்ன சொல்வது? அதற்கும் இவ்வூரிலேயே ஒரு சான்று உண்டு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆங்கிலிக்கன் பேராயர் லெனர்டு வில்சன், ஒகாவா என்ற ஜப்பானியக் கிறிஸ்தவ அதிகாரியின் தயவால், ஓராண்டுக் காலம் வெளியில் இருந்து ஊழியம் செய்ய முடிந்தது. 1943 மார்ச்சில் அவரும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். திருச்சபைப் பொறுப்பு உள்ளூர்க் குருமார்களின் தோளில் விழுந்தது. அவர்களுள் முன்னின்றவர் டி.டி. செல்லையா என்னும் தமிழர். புனித ஆண்ட்ரூ பள்ளி ஆசிரியர். லண்டன் பல்கலைக்கழகத்தில் கல்வி வரலாற்றை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அதுவரை மேலே வெள்ளைக்காரர், கீழே ஆசியர் என்றிருந்த அமைப்பு ஒரே நாளில் தலைகீழாயிற்று. அரிசிக்கும் மருந்துக்கும் திண்டாடிய காலத்தில், யாரை எப்போது பிடித்துப்போவார்கள் என்று தெரியாத ஊரில், அவரும் மற்றக் குருமார்களும் ஆலயங்களை மூடாமல் நடத்திவந்தார்கள்.

வில்சனோ அதே ஆண்டு அக்டோபரில் கெம்பெய்தாய் காவலர்களின் பிடியில் சிக்கிச் சித்திரவதைக்குள்ளானார். சிறையில் வானொலி வைத்திருந்தோரையும் உளவாளிகளையும் தேடிய நடவடிக்கை அது; 'இரட்டைப் பத்து' என்று இன்றும் பேசப்படுகிறது. பல மாதங்களுக்குப் பிறகே அவர் மீண்டும் சாங்கிக்குத் திரும்பினார். போர் முடிந்தபின், தம்மைத் துன்புறுத்தியவர்களுள் ஒருவருக்கு அவரே திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். இதை வைத்து, "அந்த அடிகளெல்லாம் தேவசித்தம்" என்று நான் எழுதத் துணியமாட்டேன். அடித்தவன் செய்தது பாவம். அதைத் தேவன்மேல் ஏற்றக் கூடாது. அடிபட்டவர் பின்னர் செய்ததில்தான் கீழ்ப்படிதலைக் காண்கிறேன். சாங்கியில் அடைபட்டிருந்த பல சபை ஊழியர்கள் கூடிப் பேசியதன் விளைவாகவே 1948-இல் திரித்துவ இறையியல் கல்லூரி உருவாயிற்று. அது பல்லாண்டுகள் இருந்த இடம் அதே சோபியா மலை.

செல்லையா அவர்களின் ஆய்வேடு 1947-இல் நூலாக வெளிவந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை வரலாற்றை ஆராய்ந்து, தாய்மொழிகளை அடித்தளமாகக் கொண்ட புதிய கல்விமுறை வேண்டும் என்று பரிந்துரைத்த நூல். ஒரு தமிழாசிரியைக்கு இதைவிட இனிய செய்தி உண்டா? ஆனால் நாடு அந்த வழியில் போகவில்லை. கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது; அதன் பெயரைத் தாங்கிய தமிழ் மொழி நிலையம்தான் பின்னர் தொடர்ந்தது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. தமிழ் தாய்மொழிப் பாடமாக நின்றது. ஷார்ட் ஸ்திரீட் பள்ளி தொடங்கிச் சரியாக நூறாண்டு. சரியென்று கண்டதை அவர் எழுதினார். அது நிறைவேறவில்லை என்பதால் எழுதியது வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

பிளாக்மோர் 1945 ஜூலை 3 அன்று ஆஸ்திரேலியாவில் காலமானார். சிங்கப்பூர் அப்போதும் ஜப்பானியர் கையில்தான் இருந்தது. இங்கே அவர்கள் சரணடைந்து கையொப்பமிட்டது செப்டம்பர் 12-இல். தாம் நாற்பதாண்டுகள் வளர்த்த பிள்ளைகள் வாழும் ஊர் பகைவர் பிடியிலிருந்து மீளுவதைக் காணாமலே அவர் கண்ணை மூடினார். இன்று நாம் அவருடைய கதையின் நல்ல முடிவை அறிந்திருக்கிறோம். அவர் அறிந்திருக்கவில்லை. இந்த ஒரு செய்தியை எண்ணும்போதெல்லாம், தேவசித்தத்தைப் பற்றி நாம் மேடையில் பேசும் பேச்செல்லாம் கொஞ்சம் அடங்கிப்போகிறது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது. நாம் தேவசித்தம் என்ற சொல்லை இரண்டு விதமாகவே கையாள்கிறோம். ஒன்று, வரப்போவதை எல்லாம் காட்டும் வரைபடமாக நினைத்து அது கையில் கிடைக்கும்வரை ஒன்றும் செய்யாமல் இருக்கிறோம். அல்லது, நடந்து முடிந்தவற்றின்மேல் ஒட்டும் சீட்டாகப் பயன்படுத்துகிறோம். ஓல்தம், பிலிப்ஸ், மினசோட்டாப் பெண்கள், பிளாக்மோர், செல்லையா ஆகிய எவருக்கும் வரைபடம் கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு வேண்டுகோள், அல்லது ஒரு தேவை, அல்லது எதிர்பாராமல் தோளில் விழுந்த ஒரு பொறுப்பு. அதை ஏற்றார்கள். பலன் என்னவாகும் என்பதை விட்டுவிட்டார்கள். நம்பிக்கை என்று வேதாகமம் படித்தவர்கள் சொல்வது அந்த விட்டுவிடுதலைத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த ஒன்பது சிறுமியரின் பெற்றோரையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அவர்கள் கிறிஸ்தவர்களாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அக்கம்பக்கத்தார் பேச்சைப் பொருட்படுத்தாமல் பெண்ணைப் படிக்க அனுப்பியது ஒரு துணிவு. "பெண் படிக்காமல் இருப்பதுதான் விதி" என்று இருந்துவிட்டிருக்கலாம். விதி, சித்தம் என்ற சொற்கள் எத்தனையோ கதவுகளை மூடப் பயன்பட்டிருக்கின்றன. விதவையை மூலையில் உட்காரவைக்கவும், மகளின் படிப்பை நிறுத்தவும், அடிக்கும் கணவனோடு பொறுத்துப்போகச் சொல்லவும் அதே சொற்களைத்தான் எடுத்தார்கள். ஆகவே யாராவது இது தேவசித்தம் என்று சொன்னால், அதனால் யாருடைய கதவு திறக்கிறது, யாருடைய கதவு மூடுகிறது என்று பார்ப்பது நல்லது.

இனி என் மாணவிக்கு வருகிறேன். நாளை மறுநாள் சனிக்கிழமை, அவள் வருவாள். அவளுக்கு ஷார்ட் ஸ்திரீட்டின் கதையைச் சொல்லப்போகிறேன். பிறகு என் மனத்திலிருப்பதையும் மறைக்காமல் சொல்வேன்: "நீ உயர்தமிழ் தொடர்ந்தால் எனக்கு மகிழ்ச்சி. இது உன் ஆசிரியையின் ஆசை. இதைத் தேவசித்தம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை." ஓர் ஆசிரியை தன் ஆசையைக் கடவுள் வாயில் வைத்துப் பேசினால் பிள்ளை மறுக்க வழியில்லாமல் போய்விடும். அப்படி வாங்கிய சம்மதத்தால் தமிழ் வாழாது.

தேவசித்தம் எது என்று கேட்டவளிடம், உன்னிடம் இப்போது யார் என்ன கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். பாட்டி அவளிடம் கேட்பது மதிப்பெண்ணா, அல்லது தன் மொழியில் பேச ஒரு பேத்தியா? தந்தை கேட்பது அறிவியலா, அல்லது தன்னைப்போல் மகளும் வேலைக்காக அலையக் கூடாது என்ற நிம்மதியா? அவளுக்கே எதில் மனம் ஊன்றுகிறது? இவற்றை நேர்மையாக எண்ணி, ஜெபித்து, ஒன்றைத் தேர்ந்துகொண்டு முழு மனத்தோடு செய்யட்டும். தவறினால் திருத்திக்கொள்ளலாம். பிரசங்கியாக வந்து ஆசிரியராகி, நோயோடு ஊர்விட்டுப் போய், பேராயராகத் திரும்பி வந்தவரின் தேவன் அவ்வளவு கண்டிப்பானவராக எனக்குத் தோன்றவில்லை.

படிவத்தில் அவள் எதைக் குறித்தாலும் சரி, சனிக்கிழமை வகுப்பு வழக்கம்போல் நடக்கும். வருகிறவர்களுக்குப் பாடம் சொல்வேன். என்னிடம் கேட்கப்பட்டது அதுதான்.